கணக்கியலா, சுற்றுச்சூழலா? பட்டர்வொர்த் மாணவிக்கு ஒரு பதில்

வாசகி கேள்வி:

அக்கா, நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஆறாம் படிவத்தில் புவியியல், பொருளாதாரம், வணிகவியல் எடுத்து எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறேன். கோலாலம்பூர் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழலை வணிகத்தோடும் சமூகத்தோடும் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். "மூன்றையும் தொட்டுவிட்டு எதிலும் தேறாமல் நிற்பாய், பேசாமல் கணக்கியல் எடு" என்கிறார். எங்கள் ஆசிரியர், "அறிவியல் படிக்காதவளுக்குச் சுற்றுச்சூழல் எதற்கு?" என்று கேட்டுவிட்டார். சின்ன வயதிலிருந்தே எங்கள் பக்கத்து ஆறு நாறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? கிடைத்தாலும், ஆற்றைக் கெடுக்கிற கம்பெனிக்கே போய் உழைக்கிற மாதிரி ஆகிவிடாதா? என் ஆங்கிலமும் சுமார்தான்.

பதில்:

தங்கச்சி, அப்பாவின் பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆள் எடுக்கும்போது இப்படிக் கலந்து படித்த பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்கு வருவார்கள். சிலரிடம் 'வட்டப் பொருளாதாரம்' (பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது) என்று சொன்னால் போதும், நிறுத்தாமல் பேசுவார்கள். டி.என்.பி. மின்கட்டணச் சீட்டைக் கையில் கொடுத்து, "இதிலிருந்து கார்பன் வெளியேற்றக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்" என்றால் முழிப்பார்கள். இத்தனைக்கும் அது பெருக்கல் கணக்குதான். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு. அதே மாதிரிப் படிப்பை முடித்த வேறு சிலர் சீட்டைப் பார்த்தவுடன், "இந்த மீட்டரில் வெளியாருக்கு வாடகைக்கு விட்ட கேன்டீனும் சேர்கிறதா?" என்று கேட்பார்கள். எது எங்கள் கணக்கு, எது வெளியார் கணக்கு என்று பிரித்துப் பார்க்கும் கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்டவரைத்தான் வேலைக்கு எடுப்போம்.

ஆகவே என் பதில் இது: சேருங்கள். ஆனால் அந்த மூன்றில் ஒன்றையாவது, அதை மட்டும் வைத்தே சம்பளம் வாங்கலாம் என்கிற அளவுக்கு ஆழமாகக் கற்றுக்கொண்டு வெளியே வாருங்கள். மற்ற இரண்டிலும் எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, தேவையான இடத்தில் மறுத்துப் பேசும் அளவு தெரிந்தால் போதும்.

சரி, எதற்கு மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்? இன்று காலை உங்கள் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீரையே பாருங்கள். பினாங்கு தன் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்துதான் எடுக்கிறது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் தருவது கெடாவில் இருக்கும் உலு மூடா காடு. கெடாவின் நெல்வயல்களும் அந்தக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன. காட்டை வெட்டினால் ஆற்றில் சேறு கூடும், வறட்சிக் காலத்தில் நீர்வரத்து குறையும். இதை நீரியல் படித்தவர் அளந்து சொல்லிவிடுவார். ஆனால் மரம் வெட்டினால் கெடா மாநிலத்துக்கு வருமானம். வெட்டாமல் விடுங்கள் என்றால் அந்த வருமானத்தை யார் ஈடுகட்டுவது? கெடா தண்ணீருக்குப் பணம் கேட்கிறது. எங்கள் எல்லைக்குள் ஓடும் ஆற்றிலிருந்துதானே எடுக்கிறோம் என்கிறது பினாங்கு. பல ஆண்டுகளாக இந்த வழக்காடல் ஓயவில்லை. இதை ஒரு துறை மட்டும் படித்தவர் தீர்த்துவிட முடியாது. காட்டின் நீர்க்கணக்கும், மாநிலத்தின் வரவு செலவும், காட்டோரத்துக் கம்பத்துக்காரர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்பதும் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

நம் ஆட்களின் கதையிலிருந்து இன்னொன்று சொல்கிறேன். தோட்டப்புறங்களில் களைக்கொல்லி மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நம் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். முதுகில் தோம்பு, வெயிலில் முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டும், பலருக்கு அதுவும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். நகம் உதிர்வது, மூக்கில் ரத்தம் வருவது, தோல் புண்ணாவது என்று அவர்கள் சொன்ன புகார்களைத் தெனாகானித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பும், பினாங்கில் தலைமையகம் உள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் திரட்டி வெளியே கொண்டுவந்தன. 2002-இல் இந்த மருந்தைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது. இடைப்பட்ட அத்தனை வருஷமும் அது நச்சு என்று தெரியாமலா இருந்தது? உடலுக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது என்பது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். மலிவாகக் களை எடுக்க அதைவிட்டால் வேறு வழியில்லை என்று சொன்ன தோட்ட முதலாளிகளின் கணக்கு ஒரு பக்கம், அந்தப் பெண்களின் குரல் எட்டாத தூரம் இன்னொரு பக்கம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. வேதியியல் மட்டும் படித்த ஒருவர் இந்தக் கதையில் பாதியைத்தான் பார்ப்பார் என்பதற்காக உங்களிடம் சொல்கிறேன்.

அடுத்து உங்கள் ஆசிரியர். அவர் சொல்வதும் பாதி சரி. பொதுப் பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று போனால் பெரும்பாலும் அறிவியல் பாடங்களைக் கேட்பார்கள். பொறியியலுக்குக் கட்டாயம் வேண்டும். கலைப் பிரிவிலிருந்து வரும் நீங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கப் போவதில்லை, ஆய்வுக்கூடத்தை நடத்தப் போவதில்லை. அந்த ஆசை இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் அறிக்கையை வாசிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். ஒரு தாளை உங்கள் மேசையில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஓ.டி. 38 என்று போட்டிருக்கிறது. தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று செரிக்க ஐந்து நாளில் எவ்வளவு உயிர்வாயுவை உறிஞ்சுகின்றன என்பதுதான் பி.ஓ.டி. அந்த எண் கூடினால் மீனுக்கு மிஞ்சும் உயிர்வாயு குறையும். 38 சரியா, தப்பா? தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் இருந்தால் 'ஏ' தரம், ஒரு லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம், ஆகவே சட்டமீறல். கீழ்ப்புறம் இருந்தால் 'பி' தரம், அதன் வரம்பு இன்னும் தளர்வு, 38 அதற்குள் அடங்கிவிடும். 2009-ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளில் இருப்பது இது. புவியியல் படித்த பிள்ளை நீங்கள், 'ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது' என்று தானாகவே கேட்பீர்கள். அது உங்களுக்கு உதவும். விட்டுப்போன வேதியியலை முதல் வருஷத்திலேயே அடிப்படை அளவுக்காவது பிடித்துவிடுங்கள். புள்ளியியலை ஒருபோதும் தட்டிக்கழிக்காதீர்கள்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு, தொழிற்சாலைக்குள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால் உங்கள் அப்பாவுக்கே புரிந்துவிடும். எங்களுக்குப் பொருள் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்.பி.ஏ. ஆடிட் கேட்பார்கள். மின்னணுத் துறையில் 2004-இல் தொடங்கிய நடத்தை விதித் தொகுப்பு அது. தொழிலாளர், பாதுகாப்பு, சுற்றுச்சூழல், நேர்மை, நிர்வாகம் என்று ஐந்து பகுதி. பினாங்கில் இதைக் கேள்விப்படாத பெரிய மின்னணுத் தொழிற்சாலை இருக்காது.

ஆடிட்டர் வந்ததும் கழிவுக் கிடங்குக்குப் போவார். கூரை, கொட்டினால் வெளியே ஓடாதபடி சுற்றிலும் திட்டு, ஒவ்வொரு டிரம்மிலும் ஒட்டுச்சீட்டு. அதில் சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவுக்கான குறியீட்டு எண் இருக்கும்: ரசாயனம் இருந்த காலி டிரம் என்றால் எஸ்.டபிள்யூ. 409, ரசாயனம் பட்ட துணி, கையுறை, வடிகட்டி என்றால் எஸ்.டபிள்யூ. 410. கழிவு உண்டான தேதி போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னையும் தாண்டக் கூடாது. ஆடிட்டர் குனிந்து அந்தத் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த டிரம்களை அவர் பலகையோடு தூக்கி வைத்திருப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிட்டர் தொழிலாளர் விடுதிக்குப் போவார். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தம்பிமாரைத் தனியாக உட்காரவைத்து, ஊரில் ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினாய், கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்பார். 60 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் மீறல். தொழிலாளி கட்டிய ஏஜெண்ட் கட்டணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுக்க வேண்டும். மாலையில் நிர்வாகக் கூட்டம். இதையெல்லாம் சரி செய்ய என்ன செலவு, செய்யாவிட்டால் எந்த வாடிக்கையாளர் போவார் என்பது அங்கே பேசப்படும்.

நீங்கள் படிக்கப்போகும் மூன்றும் அந்த ஒரே நாளில் வந்துவிட்டன. மூன்று இடத்திலும் கூடவே நடந்துபோய் பதில் சொல்லும் ஆள் ஒருவர் தேவை. அப்படிப்பட்டவர்கள் குறைவு என்பதை ஆள் எடுப்பவளாகவே சொல்கிறேன்.

அந்த இடத்துக்குப் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. கழிவு மேலாண்மைக்குச் சட்டப்படி தகுதி பெற்ற ஒருவர் தொழிற்சாலையில் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைச் சுற்றுச்சூழல் துறையின் எய்மாஸ் கழகம் நடத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அதை எடுத்துவிடுங்கள். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை 2024-இல் திருத்தி, உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வேலையைப் பற்றி மேலிடத்தில் விசாரிப்பது கூடியிருக்கிறது.

அப்பா சொல்லும் கணக்கியலைத் தள்ளிவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பங்குச்சந்தைக் கம்பெனிகள் இனி பணக் கணக்கோடு பருவநிலை சார்ந்த கணக்கையும் காட்ட வேண்டும். அதற்கான தேசியக் கட்டமைப்பு 2024 செப்டம்பரில் வந்தது. பெரிய கம்பெனிகள் முதலில், மற்றவை பின்னால் என்று படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. இந்த வேலையைக் கணக்காளர்களும் கேட்கிறார்கள், சுற்றுச்சூழல் படித்தவர்களும் கேட்கிறார்கள். இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கத் தெரிந்த சுற்றுச்சூழல் பட்டதாரிக்கு அங்கே நல்ல இடம் இருக்கிறது. வணிகவியலும் பொருளாதாரமும் ஏற்கெனவே படித்தவர் நீங்கள், ஆகவே ஆழமாகப் பிடிக்கப்போகும் ஒன்று இதுவாக இருக்கலாம் என்பது என் கருத்து. நிதிக் கணக்கியல், செலவுக் கணக்கியல் இரண்டையும் விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அப்பாவுக்கும் பாதி நிம்மதி.

இப்போது அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியவை. விளம்பரத் தாளை ஓரமாக வையுங்கள், அதில் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரே காற்றாலைப் படம்தான் இருக்கும். மூன்று வருஷத்துக்குமான பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் புள்ளியியல் இருக்கிறதா, சுற்றுச்சூழல் சட்டம் இருக்கிறதா, கணக்கியல் இருக்கிறதா, வெளியே போய் அளந்து பார்க்கும் களப்பணி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் முழுக்க 'நிலைத்தன்மைக்கு அறிமுகம்', 'நிலைத்தன்மையும் எதிர்காலமும்' என்றே போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அப்புறம், தொழிற்பயிற்சிக் காலம் எவ்வளவு, எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழலும் வணிகமும் சேர்ந்த பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பருவம் படிப்பு, ஒரு பருவம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறிப் போக வேண்டும். நம் நாட்டில் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் சில வாரங்களோடு முடிகிற பயிற்சி எனக்குப் போதாது என்றே படுகிறது. இடம் தேடும்போது தொழிற்சாலைத் தளமோ, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனமோ, நகராண்மைக் கழகத்தின் குப்பைப் பிரிவோ கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். பசுமை தினத்துக்குச் சுவரொட்டி தயாரிக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். படிப்புக்கு, பட்டங்களின் தரத்தை உறுதிசெய்யும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்த்துவிடுங்கள். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனுக்கும் அது வேண்டும்.

ஆற்றைக் கெடுக்கும் கம்பெனிக்கே உழைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை விட்டுவிடாமல் வைத்திருங்கள். 1970-களில் பிறை தொழிற்பேட்டை வளர்ந்தபோது ஜூரு ஆறு கெட்டுப்போய், கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பு போனது. அவர்கள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தார்கள், கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் என்ற சிப்பியை வளர்த்தார்கள். 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், 1977-இல் வந்த சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் இன்றுவரை வெளியிலிருந்து போராடுகின்றன. உங்கள் மனசு அந்தப் பக்கம் இழுத்தால் அங்கேயும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. சம்பளம் குறைவாக இருக்கலாம், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் உள்ளேயும் ஆள் வேண்டும் தங்கச்சி. 2019 மார்ச்சில் ஜோகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். ரசாயனக் கழிவு ஆற்றுக்குத் தானாக வருவதில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. மலிவாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்று வரும் ஒப்பந்தக்காரரிடம் உரிமத்தைக் கேட்டு, இல்லையென்றால் லாரியை வெறுமனே திருப்பி அனுப்புவதற்கு அந்த வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். ஒரு நாள் உங்களிடமும் யாராவது, "இந்த எண்ணை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்பார்கள். போடாதீர்கள். தகுதி பெற்றவர் என்று தாளில் இருப்பது உங்கள் பெயர், வேலை போனாலும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அப்படி மறுக்க முடியாத கம்பெனி என்று தெரிந்துவிட்டால் அங்கே இருக்காதீர்கள்.

கடைசியாக ஆங்கிலம். எங்கள் அறிக்கைகள் ஆங்கிலத்தில், சுற்றுச்சூழல் துறையோடு கடிதப் போக்குவரத்து மலாயில். தளத்தில் இருக்கும் மூத்த அக்காமார் பலரிடம் தமிழில் பேசினால்தான் உண்மையான நிலவரம் தெரியும். ஆங்கிலத்தைச் சரிசெய்ய ஒரு வழி சொல்கிறேன், அதுவே இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்றும் காட்டிவிடும். பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அவற்றின் சுருக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பினாங்கு தெற்குக் கடலில் தீவு அமைக்கும் திட்டத்தின் அறிக்கையைத் தேடி எடுங்கள். அதன் முதல் அனுமதியை 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது, புதிய அறிக்கைக்கு 2023-இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடலடிச் சேறு பற்றிய பகுதி, மீனவர் வருமானம் பற்றிய பகுதி, திட்டத்தால் வரும் வேலைவாய்ப்பு பற்றிய பகுதி மூன்றையும் படித்துவிட்டு, எதில் உங்களுக்குக் கேள்வி மேல் கேள்வி வருகிறது என்று குறித்து வையுங்கள். நீங்கள் ஆழமாகப் பிடிக்க வேண்டியது பெரும்பாலும் அதுதான். கணக்கியல் என்று நான் மேலே சொன்னதை அது மாற்றினாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இடத்தை உறுதிசெய்யப் பணம் கட்டும் தேதி அதற்குள் வந்துவிட்டால், பாடப்பட்டியலைக் கையில் வாங்கி அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த பிறகே கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.